ஐம்பது வரை சொல்கிறான், ஐந்தை எடுத்துத் தரத் தெரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஐம்பது வரை தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறான். ஆனால் ஐந்து பொம்மை எடுத்து வா என்றால் கை நிறைய அள்ளி வருகிறான். நாள் முழுவதும் டைனோசர் பொம்மைகளோடுதான் இருக்கிறான். நோட்டைக் கண்டாலே ஓடுகிறான். பக்கத்து வீட்டுக் குழந்தை நூறு வரை எழுதுகிறது. பொம்மைகளை ஒளித்து வைத்துவிட்டு டியூஷனுக்கு அனுப்பலாமா?
– ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: ஒளித்து வைக்க வேண்டாம், டியூஷனும் இப்போது வேண்டாம். உங்கள் மகன் செய்வது அந்த வயதுக்கு இயல்பானதுதான். எண்களை வரிசையாகச் சொல்வது நினைவாற்றலைச் சேர்ந்தது. எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் அங்கிருப்பவற்றின் மொத்தம் என்று புரிந்துகொள்வது வேறொரு திறன். ரோசெல் கெல்மன், கேலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978-லேயே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது கைவந்த பிறகும் இரண்டாவது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைக்காலத்தில் ஒன்று கேட்டால் சரியாகத் தருவார்கள், பிறகு இரண்டு பிடிபடும், பிறகு மூன்று. அதற்கு மேல் கேட்டால் அள்ளித்தான் தருவார்கள்.

ஆகவே ஐம்பதைச் சிறிது காலம் மறந்துவிட்டு, எந்த எண் வரை அவன் பிழையில்லாமல் எடுத்துத் தருகிறான் என்று பாருங்கள். மூன்று வரை என்றால், உங்கள் பாடம் நான்கில் தொடங்குகிறது.

உங்கள் பக்கத்தில் ஆடுகள் பட்டியில் அடைவதைப் பார்க்காத குழந்தை இருக்காது. சோளத்தட்டை ஒடித்து வாசலில் ஒரு சிறு பட்டி கட்டுங்கள். மேய்ந்துவிட்டு வரும் டைனோசர்களை அவன் அதில் அடைக்கட்டும். ஒரு பொம்மை படலைத் தாண்டும்போது ஓர் எண் என்பது மட்டுமே விதி. வாய் முந்தி, கை பிந்தும் வழக்கம் இதனால் தானாகவே மட்டுப்படும். நான்காவது உள்ளே போனதும் படலைச் சாத்திவிட்டு, “மொத்தம் எத்தனை உருப்படி?” என்று கேளுங்கள். அவன் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதற்காகக் கடிந்துகொள்ளாமல், “ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, நான்கு உருப்படி” என்று நீங்களே முடித்துக் காட்டினால் போதும். ஆடு அடைத்துப் பழகிய அப்பாரு (தாத்தா) வீட்டில் இருந்தால் இந்த விளையாட்டை அவரிடமே விட்டுவிடலாம். நம் இருவரையும்விட நன்றாக நடத்துவார். நான்கு பழகியபின், பட்டியைத் துண்டால் மூடி, அவன் பார்க்க ஒன்றை மட்டும் வெளியே எடுத்துவிட்டு உள்ளே எத்தனை என்று கேளுங்கள். கழித்தலின் தொடக்கம் அதுதான். அந்தப் பெயரை அவனிடம் சொல்ல வேண்டியதில்லை.

பொம்மைகளின் உடலிலும் சிறிய எண்கள் இருக்கின்றன. டிரைசெரடாப்ஸுக்கு மூக்கின்மேல் ஒன்றும் கண்களுக்கு மேல் இரண்டுமாக மூன்று கொம்புகள். டைரனோசாரஸுக்குக் கைக்கு இரண்டே விரல்கள். ஸ்டெகோசாரஸின் வால்நுனியில் நான்கு முட்கள். மலிவான பொம்மைகளில் டைரனோசாரஸுக்கு மூன்று விரல்கள் வைத்துவிடுவதுண்டு. அதை அவனே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். பொம்மை செய்த பெரியவர் தவறிவிட்டார் என்று சொல்வதில் நான்கு வயதுக்காரனுக்கு இருக்கும் மகிழ்ச்சியே தனி.

நீளத்தைக் காட்டத் தென்னந்தோப்பு போதும். தென்னையை வழக்கமாக 25 அடி இடைவெளியில் நடுகிறோம். டைரனோசாரஸ் ஏறத்தாழ 40 அடி. முதல் மரத்தில் மூக்கை வைத்தால், வால் இரண்டாவது மரத்தைத் தாண்டி மூன்றாவது மரத்துக்குப் பாதி வழிக்கு மேல் போய்விடும். தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துப் பிடித்து அவனை அதன் ஓரமாக நடக்க விடுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்த முயலாதீர்கள். ஐந்து பொம்மைகளை நெருக்கமாக ஒரு வரிசையிலும், இன்னொரு ஐந்தை இடைவெளி விட்டு மற்றொரு வரிசையிலும் வைத்தால், நீண்ட வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று அவன் சொல்லக்கூடும். ஜீன் பியாஜே விரிவாக ஆராய்ந்த இந்தக் குழப்பம், ஆறேழு வயதுக்குள் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

எழுதுவதைப் பொறுத்தவரை, அது விரல்களின் வலுவைச் சேர்ந்த வேறு விஷயம். இப்போதைக்கு வாசல் மண்ணில் விரலால் கீறினால் போதும். நூறு வரை எழுதும் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் ஏழு தேங்காய்களை எடுத்துத் தரச் சொல்லிப் பார்க்கலாம். சொல்லாமல் இருப்பது அண்டை வீட்டு உறவுக்கு நல்லது.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அவன் எழுந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், வாயில் போட்டுக்கொள்ளும் அளவிலான சிறு பொம்மைகளை விளையாட்டு முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். ஐந்தரை வயதைத் தாண்டியும் மூன்றைச் சரியாக எடுத்துத் தர முடியாமல் இருந்தால், பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, செவித்திறனையும் பார்வையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.