அடிமனை யாருடையது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் மனைவியும் மயிலாடுதுறையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கையில் 9 லட்சம் சேர்ந்திருக்கிறது. முதல் முறையாக வீடு வாங்கப் பார்க்கிறோம். ஒன்று, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பழைய ஓட்டு வீடு, பூர்வீகச் சொத்து, விலை ரொம்பக் குறைவு. இன்னொன்று ஊர் எல்லையில் புது மனைப்பிரிவில் கட்டி முடித்த வீடு, 40 லட்சம் சொல்கிறார்கள். இரண்டுக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. தரகர் இந்த வாரமே அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

எஸ்., மயிலாடுதுறை

அன்புள்ள எஸ்.,

எது என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தைப் படித்தால் நீங்கள் இன்னும் மண்ணைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. நம் பக்கத்தில் வீடு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அடிமனை, அதாவது வீடு நிற்கும் நிலம், யாருடையது, மழைத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் விலை அவ்வளவு குறைவு என்றாலே எனக்கு அடிமனை மேல்தான் சந்தேகம் வருகிறது. டெல்டாவில் ஊருக்கு ஊர் கோயிலுக்கும் மடத்துக்கும் மனை உண்டு, தலைமுறை தலைமுறையாக மனை வாடகை கட்டிக்கொண்டு அதன் மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட வீட்டை விற்பவர் உங்களுக்குத் தருவது சுவரும் கூரையும் மட்டும்தான். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது, வங்கியும் கடன் தரத் தயங்கும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, மனை வாடகை ரசீது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பத்திரத்தை நீங்களே உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். அதில் தஞ்சாவூர் மாவட்டம், மாயூரம் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஊர்ப் பெயர் மாறியது 1982-ல், நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-ல், மயிலாடுதுறை 2020-ல். நான்கு எல்லையும் சர்வே எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம்.

வில்லங்கம் சுத்தம் என்கிறீர்கள். சரி, ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். எழுதி வைத்த உயில் வராது, வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது, கல்யாணமாகிப் போன அக்கா தங்கைகளின் பங்கும் வராது. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் மாறி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று ஆகிவிட்டது. ஆனாலும் “அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு, கேக்க மாட்டாங்க” என்று சொல்லி அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது இன்னும் நடக்கிறது. வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தந்திருக்க வேண்டும். நாளைக்கு வழக்கு வரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் பங்கை மறைத்து விற்ற வீட்டில் நீங்கள் பால் காய்ச்சக் கூடாது.

புது மனைப்பிரிவு என்றால் பெரும்பாலும் நேற்று வரை வயல். வயல் என்றால் பாசன வாய்க்காலும் வடிகாலும் இருந்திருக்கும். மனை போட்டவர்கள் அதைத் தூர்த்து ரோடு போட்டிருந்தால், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்குத்தான் வரும். கிராம வரைபடத்தை வாங்கி வாய்க்கால் எங்கே ஓடியது என்று பாருங்கள், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை (டிடிசிபி) கொடுத்த அனுமதி எண்ணையும் சரிபாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் அங்கே போய் நில்லுங்கள். புது பெயிண்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும், அதனால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடி, அதற்குக் கீழே பூச்சு பொரிந்து உதிர்ந்திருந்தால், அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் களிமண் மழையில் உப்பிப் பெருகும், சித்திரை வெயிலில் சுருங்கி வெடிக்கும், அஸ்திவாரம் சரியில்லாத வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று கட்டிய கொத்தனாரையே தேடிப் பிடித்துக் கேளுங்கள். போர் தண்ணீரையும் வாயில் விட்டுப் பாருங்கள்.

இனி பணம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 40 லட்சத்தில் 8 லட்சம் உங்கள் கைப்பணம். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். உங்கள் 9 லட்சம் போதாது. மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று தரகர் சொல்வார். வேண்டாம், மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் உங்களுக்குக் கை கொடுக்கப்போவது அந்த நகைதான். விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் வாடகை வீட்டிலேயே இருங்கள்.

இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தரகருக்குத் தெரிந்த வக்கீல் வேண்டாம், நீங்களாக ஒருவரைப் பார்த்துப் பத்திரங்களைக் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு கிரய ஒப்பந்தம் போடும்போது, வங்கி கடன் தர மறுத்தால் அட்வான்ஸ் முழுசும் திரும்பத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.