வட இந்திய நகரங்களில் வரும் ‘சிவில் லைன்ஸ்’ என்பது என்ன?

ஆங்கிலேய ஆட்சியில் கலெக்டர், நீதிபதி போன்ற சிவில் அதிகாரிகள் குடியிருக்க, பழைய ஊரை விட்டுத் தள்ளி அமைத்த பகுதிதான் சிவில் லைன்ஸ். பெரிய ஆலைகளில் அதிகாரிகளுக்கு மட்டும் வேலி போட்டுத் தனியாகக் கட்டும் குவார்ட்டர்ஸ் மாதிரி.

அலகாபாத்தை (இன்றைய பிரயாக்ராஜ்) பாருங்கள். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயர் மிரண்டுபோனார்கள். சந்து பொந்துகள் நிறைந்த ஊருக்குள் இருப்பது ஆபத்து என்று பட்டது. நோய் பயமும் இருந்தது. அதனால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நேர்நேரான அகலச் சாலைகளும் பெரிய தோட்ட பங்களாக்களுமாகப் புது ஊர் எழுந்தது. இன்றும் ஸ்டேஷனின் ஒரு வாசலில் இறங்கினால் பழைய ஊரின் கடைவீதியான சௌக்கின் நெரிசல், மறு வாசலில் மரநிழல் சாலை. இந்த ஒரு ஸ்டேஷனே அந்தப் பிரிவினையைக் காட்டிவிடும். வில்லியம் எமர்சன் வடிவமைத்த ‘பத்தர் கிர்ஜா’ என்னும் கல் தேவாலயம் இங்கேதான் இருக்கிறது. கொல்கத்தா விக்டோரியா நினைவகமும் அவர் வடிவமைத்ததே. மகாத்மா காந்தி சாலை காபி ஹவுஸில் வக்கீல்களும் எழுத்தாளர்களும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்நியருக்கென்று போட்ட தெருவை ஊர்க்காரர்கள் தமதாக்கிக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், கன்டோன்மென்ட்டும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது ராணுவத்துக்கான பகுதி, இது சிவில் நிர்வாகத்துக்காக உருவானது.