மரங்கள் அடர்ந்த நிலத்துக்கு முதல் மினி டிராக்டர்: கேள்வி பதில்

விளைச்சலை நம்பி என்றில்லாமல், மரங்களோடு இருப்பதற்காகவே மலையடிவாரங்களில் ஐந்து, பத்து ஏக்கர் வாங்கி வார இறுதிகளில் சென்று தங்குவோர் இப்போது பெருகியிருக்கிறார்கள். உழவு வயலுக்கு டிராக்டர் வாங்குவதற்கும் இத்தகைய நிலத்துக்கு வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, மினி டிராக்டர்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பெரியகுளம் பக்கம் 7 ஏக்கர் வாங்கியவர்): ஐயா, எங்கள் நிலத்தில் பழைய மாமரங்களும் இலவமும் இருக்கின்றன, ஒரு மூலையில் நெருக்கமாகத் தேக்கு வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் 45 ஹெச்.பி. வண்டியே எடுத்துவிடச் சொல்கிறார். 20 முதல் 28 ஹெச்.பி. வரையுள்ள மினி டிராக்டர் எங்களுக்குப் போதுமா?

பதில்: போதும். உங்கள் நிலத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட. ஹெச்.பி.யைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். தேக்கை 2 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால், 1.1 மீட்டர் அகலமுள்ள மினி டிராக்டர் நடுவில் போகும்போது இருபுறமும் அரை மீட்டருக்கும் குறைவாகவே மிஞ்சும், ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலமுள்ள 45 ஹெச்.பி. வண்டி அந்த வரிசைக்குள் நுழையவே முடியாது. மாமரங்களுக்கு இடையே 10 மீட்டர் இருந்தாலும் தாழ்ந்து படர்ந்த கிளைகள் வழியை மறிக்கும். ஆகவே அகலத்தோடு உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பானட்டின் மேலே செங்குத்தாக நிற்கும் புகைக்குழாய் கிளைகளில் அடிபட்டு வளையும். தாழ்வாகப் பக்கவாட்டில் புகை வெளியேறும் வண்டி இதற்கு நல்லது. ஆனால் கோடையில் சருகு குவிந்த இடத்தில் அப்படிப்பட்ட வண்டியை ஓடவிட்டபடி நிறுத்தக் கூடாது, தீப்பிடிக்கும்.

அடுத்தது எடை. மினி டிராக்டர்கள் ஏறத்தாழ 600 முதல் 1,100 கிலோ வரை இருக்கும், 45 ஹெச்.பி. வண்டி 2 டன் அளவுக்கு வரும். மழைக்குப் பின் ஈரமான மண்ணில் அந்த எடை மரத்தடியில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போவது குறையும். மரத்துக்காக நிலம் வாங்கியவர் இதை முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441 ஆகிய இரண்டும் 24 ஹெச்.பி. வகை, நான்கு சக்கர இழுவை கொண்டவை, தோப்புக்கென்றே குறுகலாக வடிவமைக்கப்பட்டவை. இவை போன்ற சில வண்டிகளை நேரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எஞ்சின் ஹெச்.பி.யைவிட, எஞ்சின் சக்தியைக் கருவிகளுக்குக் கொடுக்கும் பின்பக்கத்துச் சுழல் தண்டான பி.டி.ஓ.வில் கிடைக்கும் ஹெச்.பி. குறைவாகவே இருக்கும், புல்வெட்டியையும் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரையும் சுழற்றுவது அந்தப் பி.டி.ஓ. சக்திதான் என்பதால் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. சக்தி, பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் தாங்கும் எடை, பிரேக்கின் திறன் எல்லாம் அதில் அளந்து எழுதப்பட்டிருக்கும். விளம்பரத் தாளைவிட அந்த அறிக்கைக்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரிய டிராக்டரின் கலப்பையை இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். கருவியை வண்டியோடு மாட்டும் இணைப்புக் கம்பிகளின் பருமனும் இடைவெளியும் வேறு. எடையும் உங்கள் லிஃப்டுக்குத் தாங்காது.

கேள்வி (ஏலகிரி அடிவாரத்தில் சரிவான நிலம் உள்ளவர்): இரு சக்கர இழுவை வண்டி ஓரளவு விலை குறைவாகக் கிடைக்கிறது. நான்கு சக்கர இழுவை உண்மையிலேயே தேவையா?

பதில்: சரிவில் கட்டாயம் தேவை. ஏறுவதற்கு மட்டும்தான் அது உதவும் என்று பலரும் எண்ணுகிறார்கள்; இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பொதுவாக டிராக்டரின் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே இருக்கும். சரிவில் இறங்கும்போது எடை முன்னே சாய்ந்து பின் சக்கரங்களின் பிடி தளர்வதால், பிரேக் மிதித்தாலும் அவை உருளாமல் வழுக்கிக்கொண்டே வரும். நான்கு சக்கர இழுவையைப் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் அதே கியர் அமைப்போடு பிணைந்திருப்பதால் அவையும் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

இறங்கத் தொடங்குவதற்கு முன்பே தாழ்ந்த கியரைப் போட்டுவிடுங்கள். நடுவில் கிளட்சை மிதித்துக் கியர் மாற்ற முயன்றால் வண்டி கையைவிட்டுப் போய்விடும். சரிவின் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்குங்கள். கருவி மாட்டாத வண்டியைச் செங்குத்தான மேட்டில் ஏற்ற வேண்டியிருந்தால் பின்னோக்கி ஏற்றுவது பாதுகாப்பானது. தார்ச் சாலைக்கு வந்ததும் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிட்டு, இடது, வலது பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துக் கொக்கி மாட்டிவிடுங்கள்.

ஓட்டுநருக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் இரும்புப் பாதுகாப்பு வளைவு உங்கள் வண்டியில் இருந்தே ஆக வேண்டும். வெயிலுக்காகக் கடைகளில் செய்து மாட்டும் கூரை அதற்கு ஈடாகாது. வண்டி புரண்டால் அது தகரம் போல நசுங்கும். வளைவு நிமிர்ந்திருக்கும்போது இருக்கைப் பட்டையை அணியுங்கள். கிளைகளுக்காக வளைவை மடக்கி ஓட்டும் சிறிது நேரம் மட்டும் பட்டையை அணியாதீர்கள். அந்த நேரத்தில் வண்டி புரண்டால் குதித்து விலக வழி இருக்க வேண்டும்.

கேள்வி (ஆனைமலைத் தென்னந்தோப்பு): தோப்பு முழுவதும் ரோட்டவேட்டர் ஓட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எத்தனை அடி ரோட்டவேட்டர் வாங்கலாம்?

பதில்: 24 ஹெச்.பி. வண்டிக்கு 4 அடி ரோட்டவேட்டர் சரியாக இருக்கும். ஆனால் தோப்பு முழுவதும் ஓட்டுவதை நான் ஏற்கவில்லை. தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து 2 மீட்டர் வட்டத்துக்குள் இருக்கிறது. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தியை விட்டுவிட்டால் வரிசைக்கு நடுவே 13 அடி மிஞ்சும். அந்தப் பட்டையில் மட்டும் மூன்று ஓட்டம் போதும். அதையும் மழைக்கு முன் ஒருமுறை செய்தால் போதுமானது. மற்ற நாட்களில் பி.டி.ஓ.வில் ஓடும் புல்வெட்டியை மாட்டிப் புல்லை ஒரு சாண் உயரத்துக்குக் கத்தரித்து, வெட்டிய புல்லை அங்கேயே மூடாக்காக விட்டுவிடுங்கள். மண்ணின் ஈரம் காக்கப்படும், சரிவில் மண் அரிப்பும் குறையும். முதல் கருவியாக எதை வாங்குவது என்று யார் கேட்டாலும், மர நிலத்துக்குப் புல்வெட்டி என்றே நான் சொல்வேன்.

புல் வெட்டும்போது விதையும் தூசியும் ரேடியேட்டர் வலையில் அப்பிக்கொள்ளும். மணிக்கொரு முறை எஞ்சினை நிறுத்தி, வலையைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் எஞ்சின் சூடேறும்.

கேள்வி (அருப்புக்கோட்டை): பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த 5 ஏக்கர், முழுவதும் சீமைக் கருவேலம். மினி டிராக்டரை வைத்தே அழித்துவிடலாமா?

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். கட்டையோடு வெட்டினால் சீமைக் கருவேலம் மீண்டும் தழைக்கும் என்பதால் தூரோடு பெயர்க்க வேண்டும். அது ஜே.சி.பி.யின் வேலை, மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்து முடித்துவிடுங்கள். பிறகு முளைக்கும் கன்றுகளைக் கட்டுக்குள் வைப்பதற்குத்தான் உங்கள் வண்டி. சீமைக் கருவேலத்தின் முள் டயரைத் துளைத்து டியூபுக்குள் போய்விடும், முன் டயர்களை வாரந்தோறும் கையால் தடவிப் பார்த்து முள்ளைப் பிடுங்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நெடுங்காலம் புதர் மண்டிய நிலத்தில் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு தரைமட்டத்தில் மறைந்திருக்கலாம். நம் பக்கத்தில் டிராக்டரோடு கிணற்றில் விழுந்து உயிரிழந்தவர்கள் பலர். வண்டி உள்ளே போவதற்கு முன்னால், அந்த நிலத்தை முன்பு உழுத பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு கம்போடு முழு நிலத்தையும் நடந்து பாருங்கள். கிணறு, பழைய வாய்க்கால், கரையான் புற்று, மண்ணில் புதைந்த பாறை ஆகிய எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பை ஊன்றிவிட்டு, கிணற்றுக்கு முதல் வேலையாக வேலி போடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல் கீழ்மலை): காற்றில் விழுந்த சில்வர் ஓக் மரங்களை அறுத்து, துண்டுகளைப் பாதைக்கு இழுத்துவர வேண்டும். சங்கிலியை எங்கே கட்டுவது?

பதில்: மினி டிராக்டர் விபத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது இந்த வேலையில் நேர்வதைத்தான். பின் அச்சுக்குத் தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டுமே சங்கிலியை மாட்டுங்கள். மேல் இணைப்புக் கம்பி இருக்கும் இடத்திலோ அச்சின் மேலோ இருக்கையின் அடியிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். மரத்துண்டு ஒரு வேரிலோ கல்லிலோ சிக்கிக்கொண்டால் பின் சக்கரம் நகராது. அப்போது எஞ்சினின் விசை வண்டியின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். சங்கிலி உயரத்தில் கட்டப்பட்டிருந்தால் முன் சக்கரம் மேலெழும்பி வண்டி ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழுந்துவிடும். அதற்கு இரண்டு வினாடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க மனம் நினைக்கும் முன் முடிந்துவிடும்.

துண்டுகளைச் சிறிதாக அறுத்து ஒன்றொன்றாக இழுங்கள். தாழ்ந்த கியரில் கிளட்சை மெதுவாக விட்டு, சங்கிலி விறைத்த பிறகே வேகத்தைக் கூட்டுங்கள். முன்புறத்தில் எடைக்கட்டிகள் மாட்டிக்கொள்வது நல்லது. நைலான் கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும், அதைத் தவிருங்கள். வேறு யாரும் சங்கிலியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் நிற்கக் கூடாது. சரிவில் கீழ்நோக்கி இழுத்தால் துண்டு உருண்டு வந்து வண்டியை இடிக்கும் என்பதால், பாதை மேலே இருந்தாலொழிய அந்த வேலையை ஆட்களைக் கொண்டு செய்வதே நல்லது.

விழுந்த மரத்தோடு சேர்த்து நிற்கும் மரத்தையும் வெட்டும் எண்ணம் இருந்தால், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் அதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன் அனுமதி வேண்டும். சொந்தப் பட்டா நிலமானாலும் அப்படித்தான். விழுந்த மரத்தை எடுத்துச் செல்வதற்கு முன்னும் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி (சிறுமலை): அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் முன்புறம் பாரம் தூக்கும் லோடரும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியரும் இல்லாத டிராக்டரை வாங்கவே கூடாது என்கிறார்.

பதில்: அவர் இருக்கும் ஊருக்கு அவர் சொல்வது சரி. அங்கே கூலியாட்கள் கிடைப்பது அரிது. மண் தள்ளுவது, விறகு தூக்குவது, பனி ஒதுக்குவது எல்லாவற்றையும் வீட்டுக்காரரே லோடரை வைத்துச் செய்கிறார். ஹைட்ரோஸ்டாட்டிக் கியரில் கிளட்சை மிதிக்காமலே முன்னும் பின்னும் போகும் வசதி அந்த வேலைக்குப் பெரிய உதவி. நம் ஊரில் பெரும்பாலான மினி டிராக்டர்கள் சாதாரணக் கியரோடுதான் வருகின்றன, லோடர் மாட்டிய மினி டிராக்டருக்குப் பழுது பார்ப்பவரும் உதிரி பாகமும் உங்கள் வட்டத்தில் கிடைக்க வேண்டும். அதற்குச் செலவிடும் பணத்தில் புல்வெட்டியும் சிறிய டிரெய்லரும் வாங்கலாம். லோடரில் பாரத்தை உயரத் தூக்கியபடி சரிவில் போவது ஆபத்து என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (சத்தியமங்கலம்): பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: காலையில், எஞ்சின் சூடாவதற்கு முன்பே போய்விடுங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள்: எண்ணெய் பாலும் டீயும் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, அத்தோடு திரும்பி வந்துவிடலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும். ஒரு கனமான கருவியை லிஃப்டில் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். கால் மணி நேரத்தில் அது தரைக்கு வந்துவிட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு உண்டு. நான்கு சக்கர இழுவையைப் போட்டுத் தளர்ந்த மண்ணில் ஓட்டி, முன் சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என்று ஒருவரை இறங்கி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால், நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்று கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கோத்தகிரி): மானியம் கிடைக்குமா? விலை குறைந்திருக்கிறது என்கிறார்களே?

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. விலைப்பட்டியலில் அந்த விழுக்காட்டைச் சரிபாருங்கள். மானியம் வேளாண் பொறியியல் துறை வழியாக வருகிறது. பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும். உழவன் செயலியில் பதிவு செய்து, ஒப்புதல் வந்த பிறகே வண்டியை வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

கேள்வி (சென்னையில் வசிப்பவர், ஜவ்வாது மலையடிவாரத்தில் 3 ஏக்கர்): மாதம் இரண்டு முறைதான் போக முடிகிறது. எனக்கு டிராக்டர் தேவைதானா?

பதில்: ஆண்டுக்கு 100 மணி நேரம்கூட ஓடாது என்றால் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்திலும், ஊரில் வண்டி வைத்திருப்பவரிடமும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஏக்கர் புல்லுக்குத் தோளில் மாட்டும் புல்வெட்டியும் பின்னே நடந்து ஓட்டும் களையெடுப்பு இயந்திரமான பவர் வீடர் ஒன்றும் போதும்.

எப்படியும் வாங்குவதாக இருந்தால், நின்றே கிடக்கும் வண்டி ஓடும் வண்டியைவிட அதிகக் கவனம் கேட்கும். போகும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள்; காலியாக இருந்தால் உட்புறம் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். எலி ஒயரைக் கடிக்கும் என்பதால் பானட்டுக்குள் கூடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மணிக்கணக்கு வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுங்கள். சாவியை நிலத்திலேயே விட்டுவராதீர்கள். காவலுக்கு இருப்பவரின் பிள்ளைகள் ஏறி விளையாடும் பொருளாக அது ஆகிவிடக் கூடாது.