சிறப்புத் தேவையுள்ள பேரனை வளர்க்கும் ஆச்சிக்கு ஓய்வு கிடைக்க வழி உண்டா?

பாளையங்கோட்டையில், ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பேரனைத் தனியாக வளர்க்கும் உங்கள் அம்மாவுக்கு ஓய்வு கொடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் இரண்டு நாள் வேண்டாம். இரண்டு மணி நேரத்தில் ஆரம்பியுங்கள்.

முதலில் வீட்டுக்குள். பையனுக்குப் பழகிய சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ சில நாள் ஆச்சி கூடவே இருந்து பார்க்கட்டும். ஒரு நோட்டில் எல்லாம் எழுதி வையுங்கள்: எந்தத் தட்டில் சாப்பிடுவான், குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தினால் எங்கே கூட்டிப்போக வேண்டும், மாத்திரை எத்தனை மணிக்கு. ஆச்சி மனசில் மட்டும் இருக்கும் இந்த விவரம் நோட்டுக்கு வராதவரை அவரால் நிம்மதியாக வெளியே போக முடியாது.

தெரபி நேரத்தை ஓய்வாகக் கணக்கிடாதீர்கள். அப்போதும் அவர் வெளியே பெஞ்சில்தான் காத்திருப்பார். அவருக்குப் பதில் நீங்கள் போய்க் காத்திருங்கள்.

அப்புறம் அரசு வழி. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடக்கம். அதன் கீழ் வரும் ‘சமர்த்’ திட்டம் இப்படிக் குறுகிய காலம் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வதற்கும் உரியது. நம் பக்கத்தில் யார் நடத்துகிறார்கள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பையனின் மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டையை (UDID) கொண்டுபோங்கள். பதில் கிடைக்காவிட்டால் திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

“பிள்ளைய விட்டுட்டு நான் எங்க போக?” என்பார் அம்மா. முதல் இரண்டு மணி நேரத்தில், அவர் தள்ளிப்போட்டுவரும் சுகர் டெஸ்டுக்குக் கூட்டிப்போங்கள்.