ஆழம் போகப்போக மீன் இனம் குறையுதா?

வணக்கமுங்க. 200–400 மீட்டர் கடலாழத்தில் 14 இழுவலை இழுப்பு, 800–1000 மீட்டரில் 3 இழுப்பு. ஆழத்தில் இனம் பாதிதான் வருது, ஏன்னு கோவையிலிருந்து கேட்டிருக்கீங்க. அது கண்டச்சரிவோட (கண்டத்திட்டு முடிஞ்சு கடலடி ஆழத்துக்கு இறங்குற சரிவு) குணம்னு இப்பவே சொல்ல முடியாதுங்க. ஈரோட்டுச் சந்தையில் ஒருபக்கம் 14 மூட்டை, மறுபக்கம் 3 மூட்டை கொட்டி மஞ்சள் ரகம் எண்ணுற மாதிரிதான்; மூட்டை கூடின பக்கம் ரகமும் கூடத்தான் தெரியும்.

ரெண்டு பக்கமும் ஒரே மீன் எண்ணிக்கைக்கு இறக்கி ரேர்ஃபாக்‌ஷன் போடுங்க. சம எண்ணிக்கை மீன் எடுத்தா எத்தனை இனம் வரும்னு கணிக்கிற முறை அது. ஆர் (R) புள்ளியியல் மென்பொருளின் வீகன் (vegan) தொகுப்பு போதும். கிலோக் கணக்கு உதவாது, தலை எண்ணிக்கை வேணும். அடர்த்திக்கு இழுத்த பரப்பால் வகுக்கணும்: 2.5 நாட் (மணிக்கு 2.5 கடல்மைல்) வேகத்தில் 1 மணி நேரம்னா 4,630 மீட்டர், வலை விரிவு 20 மீட்டர்னா 0.0926 சதுர கிலோமீட்டர்.

பட்டியலில் மிக்டோபிட் விளக்குமீன் நெறைய இருக்குதுங்க. பெரும்பாலும் நடுநீர் மீன் அது. வாய் மூடாத வலையை மேலே தூக்கறப்ப மாட்டினதா இருக்கும். அடிமட்டக் கணக்கிலிருந்து அதைத் தனியா எடுத்து வெச்சிருங்க.