கோப்பு யார் பேரில் இருக்கிறது? இணையவழிக் கூட்டுப்பணிக் கருவி வாங்கும் முன்

கேள்வி: எங்கள் உள் அலங்கார நிறுவனத்தில் 14 பேர். 6 பேர் அலுவலகத்தில், 8 பேர் வேலை நடக்கும் இடங்களில். மதிப்பீடுகள் எக்செல்லில், வரைபடங்கள் ஆட்டோகேடில், தளப் புகைப்படங்கள் வாட்ஸ்அப் குழுவில். மெயில் எல்லாம் அவரவர் சொந்த ஜிமெயிலில். அண்மையில் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அவரிடமிருந்த கோப்புகளைத் தேடி எடுக்கவே இரண்டு வாரம் ஆனது. கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது? இலவசக் கணக்குகளை வைத்தே ஓட்ட முடியாதா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. விலகிப் போனவரின் கோப்புகள் அவர் பேரில் இருந்தன. தனிப்பட்ட கூகுள் கணக்கில் உருவான ஒரு கோப்பின் உரிமையை நிறுவனக் கணக்குக்கு மாற்றித் தர முடியாது. நகல் எடுத்துக்கொள்ளலாம், பழைய திருத்த வரலாறு அதோடு வராது. வாட்ஸ்அப் குழுவிலோ, படங்கள் அவரவர் போனில் கிடக்கின்றன. ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கினாலும் அவர் போனில் இருப்பதை யாரும் எடுக்க முடியாது. எனவே இலவசக் கணக்கா, கட்டணக் கணக்கா என்று பார்க்கும்போது எத்தனை ஜிபி என்பதை விட யார் கையில் சாவி என்பதுதான் முக்கியம். நிறுவன டொமைனில் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் உங்கள் சொந்த இணையப் பெயர்) ஓடும் கட்டணக் கணக்கில், அட்மின் (கணக்குகளை நிர்வகிப்பவர்) நினைத்தால் யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றலாம், கோப்பை இன்னொருவர் பேருக்கு மாற்றலாம், தொலைந்த போனிலிருந்து நிறுவனக் கணக்கை வெளியேற்றலாம். 14 பேருக்கு இது அவசியம்.

இலவசத் திட்டங்களின் எல்லைகளும் உங்களுக்குப் போதாது. ஸ்லாக் என்ற அரட்டைக் கருவியின் இலவசத் திட்டம் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே காட்டும். ஆறு மாதத்துக்கு முன் வாடிக்கையாளர் எந்த நிறத்துக்குச் சம்மதித்தார் என்று தேடினால் கிடைக்காது. ஸூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். வேலைப் பட்டியல் கருவியான ட்ரெல்லோவின் இலவசப் பணியிடத்தில் 10 பேருக்கு மேல் சேர்க்க முடியாது.

முதலில் டொமைன்

எந்தத் தொகுப்பை எடுத்தாலும் அடித்தளம் உங்கள் டொமைன்தான். அது யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். பல சிறு நிறுவனங்களில் வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே டொமைனையும் வாங்கி வைத்திருப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் புதுப்பிக்க மறந்தால் உங்கள் 14 பேரின் மெயிலும் ஒரே நாளில் நின்றுபோகும். டொமைன் பதிவுக் கணக்கை உரிமையாளர் பேருக்கு மாற்றி, தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள்.

இட அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

விளம்பரத்தில் இருக்கும் ஜிபி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் 8 தளப் பணியாளர்கள் நாளுக்கு 25 படம் எடுக்கிறார்கள், ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 800 எம்பி. மாதம் 26 வேலை நாள் என்றால் 20.8 ஜிபி, ஆண்டுக்கு ஏறக்குறைய 250 ஜிபி. இது படம் மட்டும்தான். வீடியோ ஒரு நிமிடத்துக்கே சுமார் 100 எம்பி பிடிக்கும்.

இப்போது திட்டங்களைப் பாருங்கள். கூகுளின் பிசினஸ் ஸ்டார்ட்டர் ஆளுக்கு 30 ஜிபி தருகிறது, அதை எல்லாரும் பொதுவாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். 14 பேருக்கு 420 ஜிபி. படம் மட்டுமே 20 மாதத்தில் அதை நிரப்பிவிடும், மெயிலும் அதே இடத்தில்தான் சேர்கிறது. பிசினஸ் ஸ்டாண்டர்டுக்குப் போனால் ஆளுக்கு 2 டிபி. மைக்ரோசாஃப்டில் ஒன்ட்ரைவ் ஆளுக்கு 1 டிபி என்று பெரிதாகத் தெரியும், ஆனால் அது அவரவர் தனி இடம். நிறுவனப் பொதுக் கோப்புகள் இருக்க வேண்டிய ஷேர்பாயின்டில் மொத்தம் 1 டிபியும் அதோடு ஆளுக்கு 10 ஜிபியும்தான். உங்களுக்கு 1 டிபியும் 140 ஜிபியும் கிடைக்கும். நான்கு ஆண்டுக்குத் தாங்கும். பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் 14 டிபி கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இடம் போதவில்லை என்று நிறுவனக் கோப்புகளை ஒருவரின் ஒன்ட்ரைவில் வைத்தால் பழைய பிரச்சினை அப்படியே திரும்பி வரும்.

எதை எடுப்பது

உங்கள் மதிப்பீட்டு எக்செல் கோப்பைத் திறந்து, அதில் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதி முடிவைச் சொல்லிவிடும். எக்செல்லின் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோ கூகுள் ஷீட்ஸில் ஓடாது. பிரவுசரில் திறக்கும் எக்செல்லிலும் ஓடாது. கணினியில் நிறுவிய எக்செல் வேண்டும். அப்படியானால் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டுதான்; அதற்குக் கீழே உள்ள பிசினஸ் பேசிக்கில் கணினியில் நிறுவும் ஆபீஸ் கிடையாது. மைக்ரோசாஃப்டில் திட்டங்களைக் கலந்து வாங்கலாம் என்பது உங்களுக்கு நல்ல வசதி. அலுவலகத்தில் இருக்கும் 6 பேருக்கு ஸ்டாண்டர்டு, தளத்தில் இருக்கும் 8 பேருக்கு பேசிக். களப்பணியாளர்களுக்கான எஃப்3 என்ற திட்டமும் உண்டு. ஆனால் அதில் மெயிலுக்கு 2 ஜிபி, ஒன்ட்ரைவுக்கு 2 ஜிபிதான். போனில் செய்தி பார்த்து, படம் ஏற்றி, வேலைப் பட்டியலை முடித்துக் காட்டுபவருக்கு அது போதும்.

மேக்ரோ இல்லை, எல்லாரும் போனிலும் பிரவுசரிலும்தான் வேலை செய்கிறார்கள், ஒரே ஷீட்டில் நாலு பேர் சேர்ந்து எழுத வேண்டும் என்றால் கூகுள் பழகுவதற்கு எளிது. ஏற்கெனவே ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்குப் பயிற்சி அதிகம் தேவைப்படாது. பொதுவாக எல்லாருக்கும் ஒரே திட்டம் எடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பகிர்ந்த டிரைவ் வசதி எந்தத் திட்டத்தில் எந்த அளவுக்கு இருக்கிறது என்று வாங்கும் நாளில் பார்த்துவிடுங்கள். அதில் போடும் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம், தனி ஆளுக்கு இல்லை. உங்கள் பிரச்சினைக்கு அதுதான் மருந்து. ஸோஹோ வொர்க்பிளேஸில் மெயில், வொர்க்டிரைவ் (கோப்புகள்), கிளிக் (அரட்டை), மீட்டிங் (வீடியோ கூட்டம்) எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. பில், வாடிக்கையாளர் பதிவேடு போன்ற மற்ற ஸோஹோ மென்பொருள்களை ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதையும் கட்டாயம் சோதித்துப் பாருங்கள்.

ஒன்றை எடுத்தால் அதற்குள் இருக்கும் அரட்டையையும் வீடியோ கூட்டத்தையுமே பயன்படுத்துங்கள். மைக்ரோசாஃப்டில் டீம்ஸும் (அரட்டை, கூட்டம்) பிளானரும் (வேலைப் பட்டியல்) இருக்கும்போது தனியாக ஸ்லாக்கும் ட்ரெல்லோவும் வாங்கினால், ஒரு முடிவு எங்கே எழுதப்பட்டது என்று நாலு இடத்தில் தேட வேண்டியிருக்கும். விலகுகிறவரை நாலு இடத்திலிருந்து நீக்கவும் நினைவு வைத்திருக்க வேண்டும்.

ஆட்டோகேட் கோப்புகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அலுவலக சர்வரில் ஒருவர் வரைபடத்தைத் திறந்தால் மற்றவருக்கு அது பூட்டப்பட்டிருப்பதாகக் காட்டும். ஒன்ட்ரைவோ கூகுள் டிரைவோ ஒத்திசைக்கும் (கணினியிலும் இணையத்திலும் ஒரே மாதிரி வைத்திருக்கும்) ஃபோல்டரில் அந்தப் பூட்டை நம்ப முடியாது. இரண்டு பேர் ஒரே கோப்பைத் திறந்து சேமித்தால் ஒருவர் வேலை மற்றவர் வேலையை மூடிவிடும், அல்லது முரண்பட்ட நகல் ஒன்று பக்கத்தில் முளைக்கும். ஒரு வரைபடத்துக்கு ஒருவர்தான் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புப் பெயரில் பதிப்பு எண்ணையும் போடுங்கள். பெயரில் * : ? < > | போன்ற குறிகள் இருந்தால் ஒன்ட்ரைவ் ஏற்காது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முழுப் பாதை 400 எழுத்தைத் தாண்டினாலும் தகராறு செய்யும். பழைய கணினியில் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய தமிழ்க் கடிதங்கள் இருந்தால், பிரவுசரில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடலிலும் சிக்காது. ஏற்றுவதற்கு முன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் சோதனை

சோதனைக் காலத்தில் மூன்று பேரைச் சேருங்கள்: கணக்கு பார்ப்பவர், ஒரு தளப் பணியாளர், நீங்கள். மேலோட்டமாகச் சுற்றிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. உங்களிடம் உள்ளதிலேயே பெரிய எக்செல் கோப்பை ஏற்றித் திறந்து பாருங்கள். சிக்னல் குறைவான இடத்திலிருந்து 20 படம் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு ஃபோல்டரை வேண்டுமென்றே அழித்துவிட்டு மீட்டெடுங்கள். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதன் பிறகும் 25 நாளுக்குள் அட்மின் மீட்க முடியும். ஷேர்பாயின்டிலும் ஒன்ட்ரைவிலும் மொத்தம் 93 நாள். கடைசியாக, எல்லாத் தரவையும் மொத்தமாக வெளியே எடுத்துப் பாருங்கள். எந்த வடிவத்தில் வருகிறது, மெயிலும் அரட்டையும் சேர்ந்து வருகின்றனவா என்பது அப்போதுதான் புரியும். எளிதாக வெளியே வர முடியாத கருவியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் இயங்கும் என்று எழுதியிருப்பார்கள். மாதத்துக்கு 43 நிமிடம் நின்றாலும் அது வாக்குக்குள்தான். ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். ஆனால் இடையில் ஆள் குறைந்தால் இருக்கை (பயனர் உரிமம்) எண்ணிக்கையைக் குறைக்க முடியாமல் போகலாம். நிரந்தரமாக இருக்கும் ஆட்களுக்கு மட்டும் ஆண்டு, வந்து போகிறவர்களுக்கு மாதம் என்று பிரித்து வாங்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

காசு மிச்சம் என்று ஒரே லாகினை மூன்று பேருக்குக் கொடுக்காதீர்கள். யார் அழித்தார் என்று பதிவில் தெரியாது, இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு யாரோ ஒருவர் போனுக்குத்தான் போகும். விற்பனை, கணக்கு என்று பொது முகவரி வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டில் பகிர்ந்த அஞ்சல்பெட்டி 50 ஜிபி வரை தனிக் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். கூகுளில் குரூப்ஸ் (பலருக்குப் போகும் குழு முகவரி) வைத்தே செய்துகொள்ளலாம்.

மாற்றும் வாரம்

அதிகம் சொதப்புவது இங்கேதான். மெயிலை மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் முகவரிப் பதிவேடு) எம்எக்ஸ் பதிவின் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது) டிடிஎல் மதிப்பை (பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய முகவரியே பல மணி நேரம் பலர் சர்வரில் தங்கியிருக்கும். 14 கணக்கையும் உருவாக்கி முடித்த பிறகுதான் எம்எக்ஸை மாற்ற வேண்டும். வாரக் கடைசி மாலை நல்ல நேரம்.

எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பேரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று. புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பழையதையும் விட்டுவைத்தால் இரண்டுமே செல்லாது, உங்கள் மெயில் ஸ்பாமில் விழும். பில் அனுப்பும் மென்பொருள் உங்கள் பேரில் மெயில் அனுப்புகிறது என்றால் அதையும் அதே வரிக்குள் சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல்கள் மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. டிகிம் கையொப்பத்தை (மெயில் உங்கள் டொமைனிலிருந்தே வந்தது என்று காட்டும் மின் முத்திரை) அட்மின் பக்கத்தில் இயக்குங்கள். டிமார்க்கை (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் வையுங்கள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இந்தச் சரிபார்ப்புகளில் கண்டிப்பாகிவிட்டதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

அடிக்கடி நடக்கும் இன்னொரு சிக்கல்: எல்லாம் சரியாக வருகிறது, வெப்சைட்டின் தொடர்புப் படிவத்திலிருந்து மட்டும் மெயில் வருவதில்லை. வெப்சைட் இருக்கும் சர்வர், மெயிலும் தன்னிடமே இருப்பதாக நினைத்துத் தனக்குள்ளேயே போட்டுக்கொள்கிறது. சிபேனலில் (வெப்சைட் சர்வரின் நிர்வாகப் பக்கம்) மெயில் ரூட்டிங்கைத் தொலைவு சர்வருக்கு மாற்றினால் சரியாகும். வரும் விசாரணைகள் எல்லாம் அந்தப் படிவம் வழியாகத்தானே வரும், முதல் நாளே ஒரு சோதனைச் செய்தி போட்டுப் பாருங்கள்.

பழைய கோப்புகளை ஏற்றுவதற்கு அலுவலக இணைப்பின் பதிவேற்ற வேகத்தைப் பாருங்கள், பதிவிறக்க வேகத்தை இல்லை. 10 எம்பிபிஎஸ் பதிவேற்றத்தில் 100 ஜிபி ஏற, ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் 22 மணி நேரம் ஆகும். நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் ஃபோல்டர்களை முதலில் ஏற்றுங்கள். முடிந்துபோனவை பிறகு இரவுகளில் போகட்டும்.

ஒத்திசைவு பேக்கப் ஆகாது. ஒருவர் கணினியில் வைரஸ் புகுந்து கோப்புகளைக் குலைத்தால், குலைந்த கோப்புகளே இணையச் சேமிப்புக்கும் போகும். மதிப்பீடுகளையும் ஒப்பந்தங்களையும் வரைபடங்களையும் வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். அட்மின் கணக்கு இரண்டு இருக்கட்டும். அன்றாட மெயிலுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். இரண்டிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துப் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

அடுத்து ஒருவர் விலகும்போது: பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள், அவர் டிரைவில் இருப்பதை மேலாளர் பேருக்கு மாற்றுங்கள், அவர் முகவரிக்கு வரும் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று அமைத்து, சரியாகப் போகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகே கணக்கை நீக்குங்கள். அவசரப்பட்டு நீக்கிவிட்டால் கூகுளில் 20 நாளுக்குள், மைக்ரோசாஃப்டில் 30 நாளுக்குள் அட்மின் திரும்ப உயிர்ப்பிக்கலாம். அந்தக் கெடு முடிந்தால் சேவை மையத்தில் கேட்டாலும் கிடைக்காது.