தடித்தும் மெலிந்தும் வரும் நூல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆறு மாதமாகப் பெட்டி ராட்டையில் பஞ்சு நூற்றுப் பழகி வருகிறேன். பின்னலிலும் குரோஷாவிலும் ஈடுபாடுள்ள தோழியர் சிலர் மாதம் ஒருமுறை கூடி, அவரவர் செய்தவற்றைக் காட்டிக்கொள்கிறோம். அவர்கள் கொண்டுவரும் சால்வையும் மேசை விரிப்பும் அத்தனை நேர்த்தி. என் நூலோ ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வந்து அறுந்துபோகிறது. அதைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. ஆலைகள் நிறைந்த ஊரில் கையால் நூற்பதற்குப் பொருள் உண்டா என்ற ஐயமும் எழுகிறது.

– ஒரு வாசகி, கோவை

வணக்கம்.

அந்த நூலைத்தான் நீங்கள் முதலில் கொண்டுசெல்ல வேண்டும் என்பேன். முடிந்த சால்வையைப் பார்ப்பவர் மகிழலாம். ஆனால், அதைப் பின்னியவர் எங்கே தடுமாறினார், எப்படிச் சரிசெய்தார் என்பது சால்வையில் தெரியாது. உங்கள் நூலில் அது அங்குலம் அங்குலமாகத் தெரிகிறது.

முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தை நாடி ஓடும். அங்கே அது குவிந்து நூல் இறுகிவிட, தடித்த இடம் போதிய முறுக்கின்றித் தளர்ந்தே கிடக்கும். நூல் சுற்றும் கம்பியான கதிரில் சுற்றுவதற்கு முன், அத்தளர்ந்த பகுதியை இரு கைகளுக்கிடையே மெல்ல இழுத்தால், உள்ளிருக்கும் இழைகள் வழுக்கி நீண்டு மெலிய, முறுக்கு தானாகவே அங்கு வந்து சேரும். நான் தக்களியில், அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிரில், பழகிய நாட்களில் இதை அறியாமல், தடித்த இடங்களையெல்லாம் கிள்ளி எறிந்து பஞ்சை வீணாக்கினேன். அருகில் அமர்ந்து நூற்ற ஒருவர் என் கையைப் பார்த்த பிறகே தவறு விளங்கியது.

அறுவதற்குப் பஞ்சும் காரணமாகலாம். கரிசல் நிலத்துக் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு இழை குட்டை. நீண்ட இழையுள்ள சுவின் பருத்தியைவிட அதற்குக் கூடுதல் முறுக்கு வேண்டும். ஆகவே, நூலைக் காட்டும்போது எந்தப் பஞ்சு, நூற்பதற்காகப் பஞ்சைத் திரியாக்கும் பட்டையை யார் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நூல் எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டும் நம்பரையும் வீட்டிலேயே கணக்கிடலாம். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் சுருள்கள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ அதுவே நம்பர். 84 கெஜம் அளந்து நுண்ணிய தராசில் நிறுத்தால், 10ஆம் நம்பர் நூல் ஏறக்குறைய நாலரை கிராம் இருக்கும்.

ஆலைகளைப் பற்றிய உங்கள் ஐயத்தை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். இழையை நீட்டுவது, முறுக்குவது, சுற்றுவது என்ற மூன்றும்தான் அங்கும் நடக்கின்றன. ராட்டையை மேம்படுத்துவோருக்கு 1929இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. பின்னாளில் தமிழரான ஏகாம்பரநாதன், ஆலையில் இழையை நீட்டும் உருளைகளைக் கைராட்டைக்குள் கொண்டுவந்தார்; அவர் பெயராலேயே அது அம்பர் சர்க்கா ஆயிற்று. உங்கள் விரல்கள் இப்போது செய்யப் பழகும் வேலையைத்தான் அவ்வுருளைகள் செய்கின்றன. விரலால் ஒருமுறை உணர்ந்தவருக்குத் தம் ஊரின் தொழில் அந்நியமாக இராது. எனக்கு இதுவே போதுமான பொருள்.

இருக்கும் நூலை எறிய வேண்டாம். இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் முறுக்கினால் ஒன்றன் மெலிவை மற்றொன்றன் தடிப்பு பெரும்பாலும் ஈடுசெய்யும். அதைச் சிட்டமாகச் சுற்றி நாலைந்து இடங்களில் தளர்வாகக் கட்டி, நீரில் கொதிக்கவைத்து உலர்த்தினால் முறுக்கு படிந்துவிடும். குரோஷா ஊசிக்கு அது நன்றாகவே வளைந்துகொடுக்கும். தறியில் இட விரும்பினால், நீளவாட்டு இழையான பாவுக்கு ஆலை நூலை வைத்துக்கொண்டு உங்களுடையதைக் குறுக்கிழையான ஊடையாக மட்டும் கொடுங்கள். இழுவை முழுவதையும் தாங்குவது பாவுதான்.

அடுத்த கூடுகைக்குச் செல்லும்போது ராட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். நூல் அறும் கணத்தில் உங்கள் இடக்கை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத் தோழி ஒருவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லி, அதை எனக்கு எழுதுங்கள்.